நாடியண்ணன் கொடுத்த முகம்

எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் ஒருவருக்கும் சொந்த முகம் இருக்கவில்லை. கல்லடிப் பாலத்திலிருந்து களுவாஞ்சிக்குடி வரைக்கும் ஆணும் பெண்ணும் நாடியண்ணன் கொடுத்த முகத்தோடுதான் திரிந்தார்கள். நான் அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் அந்தக் காலத்து அடையாள அட்டைகளை எடுத்துப் பார்க்கட்டும். எல்லோரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி, பருவில்லாமல், மருவில்லாமல், வெள்ளைவெளேரென்று, வானத்தில் ஏதோ விசேஷம் நடப்பதைப்போல மேலே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஸ்டூடியோ வைத்திருந்த அந்த மனிதருக்குப் பெற்றோர் ஒரு பெயர் வைத்திருப்பார்கள்தான். அது எங்களுக்குத் தேவைப்படவில்லை. ஆள் கதிரையில் உட்கார்ந்ததும் தாடைக்கு அடியில் இரண்டு விரலைக் கொடுத்து, "நாடியத் தூக்கு, நாடியத் தூக்கு" என்று நெம்புவார். அதனால் நாடியண்ணன். அவருடைய ஸ்டூடியோவுக்கும் என்னுடைய கொமினிகேஷன் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டிதான். நான் போட்டோக் கொப்பி அடித்துக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் அவர் யாருக்காவது, "இந்த மூக்கோட படம் புடிச்சா நாளைக்கி ஒனக்குத்தான் கரைச்சல்" என்று புத்தி சொல்லிக்கொண்டிருப்பார்.

படம் பிடிப்பது அவருக்குப் பெரிய வேலையில்லை. பிறகு மயிர் மாதிரி மெல்லிய தூரிகையை எடுத்துக்கொண்டு உட்காருவாரே, அதுதான் வேலை. ஒட்டிய கன்னத்தை உப்பவைப்பார். விழுந்த மயிரை முளைக்கவைப்பார். வாக்குக் கண்ணை நேராக்குவார். கேட்டால், "கடவுள் அவசரத்தில செஞ்சத நான் ஆறுதலாச் செய்யிறன்" என்பார்.

ஆனால் அது சண்டைக் காலம், ஐயா. செக்பொயின்டில் ஆமிக்காரன் அட்டையைப் பார்ப்பான், முகத்தைப் பார்ப்பான், மறுபடியும் அட்டையைப் பார்ப்பான். அந்த மறுபார்வைதான் ஆபத்து. படத்திலிருக்கிற மாப்பிள்ளைக்கும் வெயிலில் நிற்கிற எலும்புக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் கேட்டால் என்ன சொல்வது? ஆகவே எங்கள் சனம் ஒரு வித்தை பழகியது. செக்பொயின்ட் வந்ததும் படத்திலிருக்கிற முகத்தைப் போட்டுக்கொள்வது. கன்னத்தை உப்புவார்கள், கண்ணை விரிப்பார்கள், நாடியைத் தூக்குவார்கள். ஒருமுறை பஸ்ஸிலிருந்து இறங்கிய அத்தனைபேரும் ஒரே நேரத்தில் நாடியைத் தூக்க, காவலுக்கு நின்ற ஆமிக்காரன்களும் பயந்துபோய் மேலே பார்த்தார்கள். ஒருவன் மண்மூட்டைக்குப் பின்னால் குந்திவிட்டான்.

என் கதை அதைவிட மோசம். அவசரத்தில் என் தம்பியின் அட்டையைத் தூக்கிக்கொண்டு போய் ஒருவாரம் போலப் பட்டணத்துக்குப் போய் வந்தேன், ஒருவனும் ஒன்றும் கேட்கவில்லை. பிழையைக் கண்டுபிடித்து என் சொந்த அட்டையோடு போன அன்றைக்கு, 'இது நீ இல்லை' என்று என்னைப் பிடித்து மரத்தடியில் உட்காரவைத்தார்கள். யாரோ சொல்லி நாடியண்ணன் சைக்கிளில் ஓடிவந்தார். காப்பாற்றுவார் என்று பார்த்தால், படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு ஆமிக்காரனிடம் சிங்களத்தில், "படத்தில் இருப்பவர்தான் சரியான ஆள் மாத்தயா. இவர்தான் வெயிலில் நின்று கெட்டுப்போனார்" என்றாரே பாருங்கள்!

திரும்பி வரும்போது நான் பொரிந்து தள்ளினேன். அவருக்கு ஒரு கவலையும் இல்லை.

"தம்பி, ஆக்கள் கண்ணால பாக்கிறல்ல. மனசுக்க முதலே ஒரு படத்த வெச்சித்துத்தான் வாறாங்க. எதிர்ல நிக்கிறது அதோட ஒத்துப்போனாச் சரி. ஒன்ட தம்பிர அட்டையில ஆமிக்காரன் என்னத்தக் கண்டவன்? பயந்த பொடியன் ஒருத்தன். நீயும் பயந்த பொடியன்தானே. சரியாப் போயித்து!"

அவர் இதைத் தன் தொழில் இரகசியம் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டார். மற்றவர்களுக்குத்தான் அது பொருந்தும், தனக்கு இல்லை என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டூடியோவில் ஒரு குடும்பம் படம் பிடிக்க வந்திருந்தது. கைக்குழந்தை வீரிட்டுக்கொண்டிருந்தது. ரோட்டில் சனம் கடற்கரைப் பக்கமிருந்து ஓடிவரத் தொடங்கியது. நான் கடைவாசலுக்கு வந்து பார்த்தேன். கடலுக்கு இறங்கும் ஒழுங்கையின் அந்தக் கரையில் கறுப்பாக ஒன்று எழும்பி நின்றது.

"என்ன தம்பி அது?" என்று நாடியண்ணன் எட்டிப் பார்த்தார்.

"டயர் கொளுத்துறானுகள் போல அண்ணன்."

"இண்டைக்குமா? ஹர்த்தாலெண்டு ஆரும் சொல்லல்லயே."

ஹர்த்தால் அன்றைக்குக் கடையை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முழுதாகப் பூட்டினால் ஆமி வந்து திறக்கச் சொல்லும். முழுதாகத் திறந்தால் இயக்கப் பொடியன்கள் வந்து பூட்டச் சொல்வார்கள். ஆகவே அரை ஷட்டர். அவர் தன்னுடையதை அரைவாசி இறக்கினார், நான் என்னுடையதை அரைவாசி இறக்கினேன். அந்தக் குடும்பத்துக்கு எங்களைவிட மூளை இருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குனிந்து வெளியே பாய்ந்து வாவிப் பக்கமாக ஓடிற்று. "அசைஞ்சாப் படம் கெட்டுப்போகும்!" என்று நாடியண்ணன் பின்னாலே கத்தினார். அந்தக் குடும்பம் தப்பியது.

அரை ஷட்டருக்குக் கீழால் தண்ணீர் வந்தது. பலகைத் தட்டி உடைந்தது. நாங்கள் இருவரும் அவருடைய நெகட்டிவ் பெட்டிகள் இருந்த பரணில் ஏறி, கூரைத் தகரத்தில் தலை முட்ட மூச்சுவிட்டுக்கொண்டு கிடந்தோம். தண்ணீர் வடிந்து கீழே இறங்கியபோது ஒழுங்கையின் அந்தக் கரையில் வீடுகளே இல்லை.

அந்த டயர்ப் புகையைப்பற்றி நாங்கள் இருவரும் பிறகு பேசிக்கொண்டதில்லை. சனம் அலறிக்கொண்டு ஓடி வருகிறது, கடல் எழும்பி நிற்கிறது, எங்கள் இரண்டுபேருடைய கண்ணுக்கும் அது டயர்ப் புகை. இன்றைக்கும் கண்ணை மூடினால் எனக்குப் புகைதான் தெரிகிறது.

பிறகுதான் சனம் நாடியண்ணனைத் தேடி வரத் தொடங்கியது. செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாளில் முப்பத்தொன்று செய்ய வேண்டும். மாலை போட ஒரு படம் வேண்டும். வீட்டோடு பட அல்பங்களும் போய்விட்டன. நாடியண்ணன் பரணிலிருந்த நெகட்டிவ்களைக் கழுவி, முகாமாகியிருந்த பள்ளிக்கூடத்தின் வேலியில் சேலை காயப்போடுவதுபோலக் காயப்போட்டார். சனம் வேலியருகே நின்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தேடிற்று. கிடைத்தவர்கள் அழுதார்கள், கிடைக்காதவர்களும் அழுதார்கள்.

பூமணியக்காவுக்குக் கிடைக்கவில்லை. இடியப்பம் அவித்து விற்று ஒற்றை மகனை உயர்தரம் வரைக்கும் படிப்பித்தவர். புருஷன் முன்னமே போய்விட்டார். அன்றைக்கு மா வாங்கப் பாலத்தைக் கடந்து பட்டணத்துக்குப் போயிருக்கிறார். மகன் சுதன் வீட்டில் நித்திரை. உடம்பும் கிடைக்கவில்லை, ஒரு துண்டுப் படமும் இல்லை. படித்த பள்ளிக்கூடத்துக் கடதாசிகளும் கடலோடு போயின.

"அண்ணன், நீங்கதானே அவனுக்குப் படம் புடிச்ச. ஒங்களுக்கு ஞாபகம் இரிக்கும்தானே?" என்று கேட்டார்.

நாடியண்ணனுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. எத்தனையோ நாடிகளைத் தூக்கியவர், ஒரு முகத்தையும் பார்த்ததில்லை. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டார்.

பூமணியக்கா சொல்லச்சொல்ல அவர் வரைந்தார். மூக்கு அப்பனுடையது, கண் தன்னுடையது, நெற்றி தாய்மாமனுடையது. வரைந்து காட்டினால், "இவன் இல்ல அண்ணன்" என்பார். திருத்தினால், "கிட்ட வந்தித்து, ஆனா இவன் இல்ல." ஒவ்வொரு நாளும் வந்து வாசலில் நிற்பார். முப்பத்தொன்று நெருங்க நெருங்க நாடியண்ணன் இரவிலும் விளக்கைக் கொளுத்திக்கொண்டு வரைந்தார். படமில்லாமல் வெறும் கதிரைக்கா மாலை போடுவது என்று அந்த மனுஷி கேட்டதுதான் அவரை வாட்டியது. முதல்நாள் பின்னேரம் அவர் ஒரு படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுபோய் நீட்டினார். பூமணியக்கா இரண்டு கையாலும் வாங்கினார். பார்த்தார். அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "என்ட மகனே... வந்தித்தயா" என்று கத்தினார். பள்ளிக்கூடமே கூடிவிட்டது. எல்லோரும் பார்த்தோம். அச்சு அசல் சுதன். என் கடைக்கு டியூசன் நோட்ஸ் கொப்பி அடிக்க நாள்தோறும் வந்த பிள்ளை, எனக்குத் தெரியாதா? எனக்கும் கண் கலங்கிவிட்டது. நாடியண்ணன் மட்டும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் முப்பத்தொன்று. பள்ளிக்கூட முற்றத்தில் நிழலுக்குத் தறப்பாள் கட்டி, படத்துக்கு மாலை போட்டு, குத்துவிளக்கு ஏற்றியிருந்தது. சமையலுக்கு அரிசியும் மரக்கறியும் பழுகாமத்திலிருந்து உழவு இயந்திரத்தில் வந்திறங்கின. நாடியண்ணன் தாமரைப் பூத் தட்டோடு என் பக்கத்தில் நின்றவர், திடீரென்று என் கையைப் பிடித்தார். நகம் உள்ளே போயிற்று.

"தம்பி, வாழைக்குலையோட வாறானே, அந்தப் பொடியனப் பாரு."

பார்த்தேன். உழவு இயந்திரத்தோடு பழுகாமத்திலிருந்து வந்த, மீசை வைத்த ஒரு பையன்.

"ஆரு அண்ணன்?"

"அந்தப் படத்தில இரிக்கிறது அவன்தான்டா."

எனக்கு விளங்கவில்லை. அவர் என் காதுக்குள் கொட்டித் தீர்த்தார். கழுவிய நெகட்டிவ்களில் சுதன் வயதை ஒத்தது அந்தப் பையனுடையதுதான். கத்தாருக்குப் போகப் பாஸ்போட் படம் பிடித்தவன். மீசையை அழித்து, வகிட்டை மாற்றி, பள்ளிக்கூடக் கழுத்துப்பட்டியும் போட்டுவிட்டார். 'என்னால் ஏலுமானது இதுதான்' என்று சொல்லிக் கொடுக்கத்தான் போனாராம். "அவ கட்டிப்புடிச்சித்து அழக்க எப்பிடிடா சொல்லுற?"

நான் படத்தைத் திரும்பிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியில் சுதன் போய்விட்டான். மாலைக்குள்ளிருந்து பழுகாமத்துப் பொடியன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நிமிடத்துக்கு முன் அங்கே நான் பார்த்தது யாரை என்று எனக்கே தெரியவில்லை.

பொடியன் குலையை இறக்கிவைத்துவிட்டு நேரே விளக்கடிக்கு வந்தான். தன் படத்துக்கு முன்னால் நின்றான். நாடியண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"பாவம், நல்ல பொடியன் மாதிரிக் கிடக்கு. என்ன வயசு அண்ணன்?" என்று என்னைக் கேட்டான்.

"ஒன்ட... ஒன்னப்போலதான்."

"எங்கயோ கண்ட முகமா இரிக்கி. களுவாஞ்சிக்குடிக்கு டியூசனுக்கு வாறவரோ?"

"வந்திருப்பார், வந்திருப்பார்" என்றேன்.

அவன் தட்டிலிருந்து ஒரு பூவை எடுத்துத் தனக்குத்தானே வைத்துக் கும்பிட்டான். தன்னைச் செத்தவனாக நினைத்துக்கொண்டு யார்தான் செத்த வீட்டுக்கு வருகிறார்கள்? நாடியண்ணன் கண்ணைத் திறந்து, "தம்பி, அங்க பந்தி வெச்சித்தாங்க, கெதியாப் போ!" என்று அவனைத் தள்ளினார். பந்தியில் பூமணியக்கா கரண்டியோடு அவனுக்கு முன்னால் குனிந்து, முகத்துக்கு நேரே பார்த்து, "சோறு காணுமா மகன்?" என்று கேட்டார். நாடியண்ணன் தறப்பாள் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பூமணியக்கா சோறு போட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

அன்றைக்குத் தொடங்கிய பயம் அந்த மனிதரை விடவில்லை. பூமணியக்காவுக்குப் புதிய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு கிடைத்தது. படம் முன் சுவரில் ஏறியது. நாடியண்ணன் ஒவ்வொரு நாள் காலையிலும் அங்கே போய் இடியப்பம் சாப்பிடத் தொடங்கினார். இடியப்பம் அவருக்கு ஆகாது, நெஞ்செரிவு வரும். இருந்தாலும் படத்தை யார் வந்து பார்க்கிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்று காவல் இருக்க வேண்டுமே! சம்பலோடு சேர்த்து நெஞ்செரிவையும் விழுங்கிக்கொண்டிருந்தார்.

திரும்பவும் சண்டை சூடு பிடித்து வீடுவீடாகச் சோதனை வந்தது. நானும் அவரும் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஓர் ஆமிக்காரன் உள்ளே வந்து, படத்துக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டான். தலையைச் சரித்துப் பார்த்தான். சிங்களத்தில் ஏதோ சொன்னான். நாடியண்ணன் இளமையில் பொலன்னறுவையில் வேலை செய்தவர், சிங்களம் நன்றாகத் தெரியும். அவருடைய முகம் வெளிறிப் போனது.

"என்ன சொல்லுறார் அண்ணன்?" என்று பூமணியக்கா கேட்டார்.

அவன் சொன்னது இதுதான்: 'இவனைப் போன மாதம் பட்டிருப்புப் பாலத்தடியில் கண்டேன்.' நினைத்துப் பாருங்கள். உடம்பு கிடைக்காத பிள்ளை. இது அந்தத் தாயின் காதில் விழுந்தால் அடுப்பை அணைத்துவிட்டு அந்தப் பாலத்தடியில் போய் நின்றுவிடுவார். நாள்தோறும் நிற்பார். சாகும்வரைக்கும் நிற்பார்.

"பாவமாம், தன்ட தம்பியப் போல இரிக்காம்" என்றார் நாடியண்ணன்.

பூமணியக்காவுக்கு முகம் இளகிவிட்டது. ஆமிக்காரனுக்கு ஒரு தட்டில் இடியப்பம் போட்டு வந்தார். நாடியண்ணன் அவனிடம் சிங்களத்தில், "சுனாமியில் செத்த பிள்ளை மாத்தயா. செத்தவனை எப்படிப் பாலத்தில் காணுவீர்கள்?" என்றார். அவன் திடுக்கிட்டு மறுபடியும் பார்த்தான். 'அப்படியென்றால் இவன் இல்லை. அவனுக்கு மீசை இருந்தது' என்றான். இடியப்பத்தைச் சாப்பிட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றிப் படத்துக்கு மரியாதை செய்துவிட்டுப் போனான். அத்தனைபேரிலும் சரியாகப் பார்த்த ஒரே ஆள் அவன்தான். அவனையும் கெடுத்துவிட்டோம்.

அதன்பிறகு நாடியண்ணனுக்கு ஒரே வேலை. பழுகாமத்துப் பொடியனைக் கத்தாருக்கு ஏற்றுவது. மாமாங்கத்துப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தார். அவனுடைய விசா விஷயமாக என் கடையிலிருந்து கொழும்புக்கு இவர் டெலிபோன் கோல் எடுத்தார். பொடியனின் தாய் இவரைத் தெய்வம் என்று கும்பிட்டாள். ஒருவழியாக அவன் போனான். விடுமுறையில் அவன் நன்றாகக் கொழுத்து வந்து இறங்கிய அன்று நாடியண்ணனுக்கு அப்படியொரு சந்தோசம். "இனி அவனுக்கும் அவன்ட படத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லடா!" என்று எனக்கு பிளேன்டீ வாங்கித் தந்தார்.

பெரிய சண்டை முடிந்தது. வன்னியில் கலியாணம் முடித்துப் போயிருந்த பூமணியக்காவின் தங்கை ரஞ்சி, எல்லாம் இழந்து, வவுனியா முகாமில் கிடந்து, ஒரு நாள் வந்து சேர்ந்தாள். தமக்கையும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அன்றைக்கும் நாங்கள் அங்கே இடியப்பத்தோடுதான் இருந்தோம். ரஞ்சி இடுப்பில் கட்டியிருந்த பொலித்தீன் பையை அவிழ்த்தாள்.

"அக்கா, எல்லாத்தையும் விட்டித்து வந்தன். இத மட்டும் விடல்ல. என்ட கலியாணத்தில புடிச்ச, ஒன்ட மகன்ட படம்."

நாடியண்ணனின் கையிலிருந்த இடியப்பம் தட்டில் விழுந்தது. நானும் எட்டிப் பார்த்தேன். வெற்றிலைத் தட்டோடு ஒரு பையன். பக்கத்துக்குத் தள்ளிய காதுகள். ஒரு கண் கொஞ்சம் சின்னன். வாயைத் திறந்து சிரிக்கிறான், முன்பல்லில் ஒரு மூலை இல்லை. பார்த்தவுடனே எனக்கு அவன் குரலே கேட்டது: 'அண்ணன், ரெண்டு கொப்பி.' எப்படி மறந்தேன் இந்தப் பிள்ளையை?

பூமணியக்கா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கிட்டப் பிடித்தார், தூரப் பிடித்தார். பிறகு ஆறுதலாக மடியில் வைத்தார்.

"இது என்னடி, என்ட மகனப்போலயே இல்ல. படம் புடிச்சவன் சரியில்ல. இஞ்ச பாரு, அண்ணன் புடிச்சதப் பாரு. அதுதான் அவன்."

ரஞ்சி சுவரைப் பார்த்தாள். "இதாரு அக்கா?" என்றாள்.

"மகன்டி! மறந்து போனயா? நீ அவனக் கண்டு எத்தின வருசம்."

ரஞ்சி கொண்டுவந்த படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அத்தனையிலும் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றி வந்ததைத் தமக்கை உதறிவிட்டாளே என்று அவளுக்குக் கண் நிரம்பியது. நாடியண்ணன் தட்டை வைத்துவிட்டு எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். பின்னால் போய்ப் பார்த்தேன். அந்த மனுஷன் அழுதுகொண்டிருந்தார். இத்தனை வருடமும் பிடிபட்டுவிடுவேனோ என்று பயந்தவர், பிடிபடாததற்கு அழுதார்.

"ஒரு தாய்க்கிட்ட இருந்து புள்ளட முகத்தக் களவெடுத்துப் போட்டன்டா தம்பி."

ரஞ்சி அங்கே வந்துவிட்டாள். அவளிடம் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இப்ப சொன்னா அவவுக்கு மகன் ரெண்டாந்தரமும் செத்துப்போவான்" என்றாள். "ஆனா என்ட அக்காவுக்கு அவள்ட புள்ள வேணும். நீங்கதானே எடுத்த. நீங்கதான் குடுக்கணும்."

அடுத்த வாரம் நாடியண்ணன் என் கடைக்கு வந்தார். நான் அப்போது கொம்பியூட்டர், ஸ்கேனர் எல்லாம் வைத்திருந்தேன். அதைப் 'பொட்டி' என்றுதான் சொல்வார், திரும்பியும் பார்க்க மாட்டார். சட்டத்தோடு சுவர்ப் படத்தையும் ரஞ்சியின் படத்தையும் மேசையில் வைத்தார். ஆண்டு நினைவுக்கு முன்னால் கண்ணாடி துடைத்துத் தருவதாகச் சொல்லிக் கேட்டு வாங்கி வந்திருக்கிறார்.

"இந்தப் பொட்டி காத இழுக்குமா?"

"எவ்வளவு வேணுமெண்டாலும் இழுக்கும் அண்ணன்."

"அவ்வளவு வேணாம். ஒரு நூல். அவ ஒரேயடியா மாறினாத்தான் காணுவா. கொஞ்சங்கொஞ்சமாப் போனா, மனசுக்க வெச்சிரிக்கிற படமும் கூடவே மாறித்து வரும்."

அந்த வருடம் காது மட்டும். சட்டம் போட்டு ஆணியில் மாட்டியபோது பூமணியக்கா மாக் கையோடு வந்து நின்றார். நாடியண்ணன் என் கையைப் பிடித்தார், வழக்கம்போல நகம் உள்ளே போயிற்று. "தொடச்சதும் பளிச்செண்டு இரிக்கி அண்ணன்" என்றார் பூமணியக்கா. வெளியே வந்ததும் நாடியண்ணன் ரோட்டோரத்தில் குந்திவிட்டார்.

மறுவருடம் மூக்கு. அதற்கு அடுத்தது, அவர் வாழ்நாள் முழுக்க நிமிர்த்தித் தள்ளியதற்கு நேர்மாறாக, ஒரு கண்ணைச் சின்னதாக்கினோம். அன்றைக்குப் பூமணியக்கா நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "என்னமோ ஒரு வித்தியாசம்" என்றார். நான் வாசலைப் பார்த்தேன். "மாலை சின்னன்" என்று உள்ளே போய்விட்டார்.

கடைசியில் வாய்தான் மிஞ்சியது. சுவர்ப் படத்தில் உதடு மூடியிருந்தது. சுதன் பல்லைக் காட்டிச் சிரிப்பவன். இதை ஒரு நூல் ஒரு நூலாகச் செய்ய முடியாது. ஒன்று மூடிய வாய், இல்லையென்றால் திறந்த வாய். "விட்டிருங்க அண்ணன், முக்கால்வாசி வந்தித்தே" என்று கெஞ்சினேன். ரஞ்சியும் பயந்தாள்.

"முக்கால்வாசிப் புள்ளய வெச்சித்து அவ என்ன செய்யிற?" என்றார் அவர்.

அந்தப் பல்லைப் பொட்டியில் செய்ய விடவில்லை. தூரிகையை எடுத்துத் தானே வரைந்தார். உடைந்த மூலையையும் அப்படியே உடைத்தார். வாழ்க்கையில் அவர் ஒரு குறையை வரைந்தது அதுதான் முதல் தடவை.

ஆணியில் மாட்டினோம். பூமணியக்கா விளக்கோடு வந்தார், நின்றார். விளக்கை ரஞ்சியிடம் கொடுத்தார். கிட்டப் போனார். விரலை நீட்டிக் கண்ணாடியில், சரியாக அந்தப் பல்லில் வைத்தார்.

"சைக்கிள்ல இருந்து விழுந்து ஒடச்ச பல்லு" என்றார். "ரத்தத்தோட ஓடி வந்து, 'அடிக்காதம்மா'ண்டு அழுதான். நான் அடிச்சுப்போட்டன்." குரல் உடைந்தது. "இத நான் மறந்தே போனன் அண்ணன். இவ்வளவு நாளும் இந்தப் பல்லு என்ட கண்ணில படல்லயே!"

ரஞ்சி என்னைப் பார்த்தாள், நான் நிலத்தைப் பார்த்தேன். நாடியண்ணன் சால்வையால் முகத்தை ஒருதரம் துடைத்துக்கொண்டார்.

"கண்ணாடியில தூசி கிடந்தது தங்கச்சி" என்றார்.

பூமணியக்கா ஓம் என்று தலையாட்டிவிட்டு மகனைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் நாடியண்ணனைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருடம் பக்கத்துக் கடையில் இருந்தும், அந்த மனுஷனின் முகம் இவ்வளவு வடிவு என்று அன்றைக்குத்தான் கண்டேன்.